பெக்கோக்கிலிருந்து வெள்ளிக்கிழமை அழைப்புகள்

எனக்கு ஆறு மொழிகள் தெரியும். நேற்று முழுநாளும் நான் வாய்திறந்து பேசியது நான்கே சொற்கள்: “தே ஓ கோசோங் சத்து.” பாலும் சீனியும் போடாத தேநீர் ஒன்று என்று மலாயில் பொருள். மலேசியாவில், ஓய்வுபெற்று நான் தனியாக இருக்கும் ஸ்கூடாய் வீட்டுக்குப் பின்சாலையில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் சொன்னது. கடைக்காரருக்கு அதுவும் தேவைப்படவில்லை. என் தலையைக் கண்டதுமே குவளையை எடுத்துவிடுகிறார். நான்தான் விடாப்பிடியாகச் சொல்லி வைக்கிறேன், அந்த நான்கும் மறந்துவிடக் கூடாதே என்று.

இப்படி இருக்கையில் போன வாரம் காவியா என்ற பெண்ணிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கேயே பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாராம். வெளியுறவுச் சேவையில் சேர ஆசை. என்னைப் பற்றி யாரோ சொல்ல, பத்துக் கேள்விகள் அனுப்பியிருந்தார். ஒன்பதுக்கு அரை மணி நேரத்தில் பதில் எழுதிவிட்டேன். ஏழாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். “இப்போது கைப்பேசியே எல்லா மொழியையும் பெயர்த்துச் சொல்லிவிடுகிறது, சார். இனி மொழி படித்துவிட்டு இந்த வேலைக்கு வருவதால் என்ன பயன்?”

பயன் உண்டு என்று எழுதினேன். அழித்தேன். பயன் இல்லை என்று எழுதினேன். அதையும் அழித்தேன். இரண்டு நாள் அப்படியே போனது. அவருக்கு அனுப்ப முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஜொகூர் மாநிலத்தில், பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை செய்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் பிடிபடுவதற்காக ஓராண்டு புகுமுக வகுப்பு, பிறகு டவுன் பள்ளிக்கூடம். கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் போனபோது பிரெஞ்சு வகுப்பில் இடம் இல்லை என்று ஸ்பானிய வகுப்பில் தள்ளிவிட்டார்கள். அது என்னைப் பிடித்துக்கொண்டது. உதவித்தொகை கிடைத்து ஸ்பெயினில் இரண்டு ஆண்டு முதுகலை படித்தேன். இரண்டு நாடுகள் இரண்டு மொழியில் ஓர் எல்லை ஒப்பந்தம் எழுதினால் எங்கெங்கே இடிக்கும் என்று ஆய்வேடு எழுதினேன். அதை முழுதாகப் படித்தவர்கள் மூன்று பேர். அதில் நானும் ஒருவன். திரும்பி வந்து தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சில் சேர்ந்தேன். போர்த்துக்கீசியமும் விட்டுப்போன பிரெஞ்சும் வேலையில் இருந்தபடி ஒட்டிக்கொண்டவை. கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் கூடவே மாற்றல் உத்தரவும் வந்தது. நான்காவது தடவை யாரும் பேச்செடுக்கவில்லை.

ஒப்பந்தம் எழுதப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்குக் கிடைத்தவை கடவுச்சீட்டைத் தொலைத்தவர்களின் மனுக்கள். மூன்று நாடுகளில் இருந்துவிட்டு, தென் அமெரிக்காவில் ஒரு நாட்டுக்கு இரண்டாம் செயலாளராகப் போனேன். நாட்டின் பெயர் வேண்டாம். நம் பிள்ளைகள் சிலர் இன்னும் அங்கே சிறையில் இருக்கிறார்கள். தூதரகத்தில் மலேசியர்கள் ஏழு பேர், அதில் தமிழன் நான் மட்டும். கைதானவர்கள், காணாமல் போனவர்கள், இறந்தவர்கள் என்று நம் குடிமக்களின் கோப்புகள் எல்லாம் என் மேசைக்கு வரும்.

எனக்கு மேலே இருந்த அதிகாரி ஹலிமா அம்மையார், மலாய் வழக்கில் புவான் ஹலிமா. குள்ளமான உருவம். கோப்பைப் படிக்கும்போது வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, வரி வரியாக நகர்த்திக்கொண்டுதான் படிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு குடும்பத்துக்குப் போன் செய்து கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மறுமுனையில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். “அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல?” என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு நானும் எழுந்து நின்றுதான் பேசினேன்.

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அந்த நாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். பதில் வர இரண்டு வாரம் ஆகும், சில சமயம் நான்கு. இடுப்பு வார் கட்டக்கூடாது, நீலச் சட்டை போடக்கூடாது. சோப்பும் பற்பசையும் கொண்டு போகலாம். நான் ஒருமுறை மிளகாய்த்தூள் கொண்டு போனேன். காவலர் கண்ணில் தூவிவிடுவார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போனால் ஒரு படிவம். உடல்நலம், வக்கீல், அடி உதை, சாப்பாடு என்று வரிசையாகக் கேட்டு நிரப்ப வேண்டும். கடைசிக் கேள்வி: குடும்பத்துக்குத் தெரிவிக்கலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கைதிதான் தன் கையால் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். இல்லை என்று போட்டுவிட்டால் பெற்ற தாய் வந்து கேட்டாலும் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. இருக்கிறான் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது.

சரவணன் இல்லை என்றுதான் போட்டான்.

இருபத்து நான்கு வயது. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய் வந்தவன். யாரோ இனாமாக டிக்கெட் போட்டுக் கொடுத்து, திரும்பும்போது ஒரு பையை மட்டும் கொண்டு வா என்றிருக்கிறார்கள். பையின் உள்துணிக்குள் இருந்தது என்ன என்று விமான நிலையத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்றான். அவன் சொன்னதை நான் நம்பினேன். நீதிபதி நம்பவில்லை.

அவன் அடையாள அட்டையில் இருந்த பெக்கோக் முகவரியை இரண்டு முறை படித்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து நான்கு மைல்.

“வீட்டுக்குச் சொல்லிடலாம் தம்பி. அம்மா தேடுவாங்க” என்றேன்.

“வேணாண்ணே. தங்கச்சிக்கு எடம் பாத்திருக்காங்க. ஜெயில்ல இருக்கேன்னு தெரிஞ்சா அவங்க வந்த வழியே போயிடுவாங்க. நான் செத்துட்டேன்னு நெனச்சா அழுவாங்க, அப்புறம் விட்ருவாங்க.”

கோட்டை அழுத்திப் போட்டான். தாள் கிழிந்துவிடும் போலிருந்தது.

மறு மாதத்திலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. அவன் தாயார் பார்வதி அம்மா. மகன் கடைசியாக எந்த நாட்டுக்கு விமானம் ஏறினான் என்பது வரை போலீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் எண்ணையும் வாங்கிவிட்டார். பெக்கோக்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவு எட்டரை. கோயிலுக்குப் போய்வந்து கூப்பிடுவார். எங்களுக்கு அது காலை எட்டரை, அலுவலகம் திறக்கும் நேரம். போனை எடுப்பவர் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. பணியில் இருக்கும் அதிகாரி என்று மலாயில் சொல்வோம், அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் உடைந்த மலாயில் கேட்டார். “துவான், சாயா புஞ்ஞா அனாக் அடா?” என் பிள்ளை இருக்கிறானா, ஐயா. நான் மலாயில் பதில் சொன்னேன்: மாஆஃப், புவான், தியாடா மக்லுமாட். மன்னிக்க வேண்டும், அம்மா, தகவல் இல்லை.

தமிழில் பேசாதே என்று எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. தகவல் இல்லை என்பதைத் தமிழிலும் சொல்லியிருக்கலாம். முதல் தடவை மலாயிலேயே வந்துவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் வெள்ளிக்கிழமை, தகவல் இல்லை என்று நான் சொன்ன பிறகு அவர் போனை வைக்கவில்லை. ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு தமிழில் பேசினார்.

“ஒங்களுக்குப் புரியாதுங்க. பரவால்ல. எனக்குப் பேச ஆளு இல்ல, கொஞ்ச நேரம் பேசிக்கிறேன். வச்சிடாதீங்க.”

நான் வைக்கவில்லை.

அன்று மழையைப் பற்றிப் பேசினார். ஆற்றுத் தண்ணீர் ஏறி மாரியம்மன் கோயில் வாசல்படி வரை வந்துவிட்டதாம். அடுத்த வாரம் முட்டிவலி. அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர், இவர் மகனுக்காக ஊதுவத்தி ஏற்றினாராம். நடுநடுவே “துவான்? அடா?” என்று கேட்பார், லைனில் இருக்கிறேனா என்று. “அடா, புவான்” என்பேன். அரை மணி நேரம் ஆனதும் அவரே நன்றி சொல்லி வைப்பார். அழைப்புப் பதிவேட்டில் நான் ஒரே வரி எழுதுவேன்: காணாமல் போனவரின் தாயார், தகவல் இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. இடையில் சரவணனை நான்கு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் படிவத்தை நீட்டினேன். அம்மா கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் சொன்னேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு இல்லை என்றே போட்டான்.

இரண்டாவது தீபாவளி நெருங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் தீபாவளிக்கு முதல்நாள், வீட்டில் இறந்தவர்களின் படங்களை வரிசையாக வைத்து மாலை போட்டு, அவரவர்க்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைப்போம். ஒரு படம் அந்த வரிசைக்குப் போய்விட்டால் போனதுதான். பார்வதி அம்மா பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“எங்கண்ணன் சொல்றாரு, ஒன்னரை வருசமாச்சு, இன்னும் நடுவுல தொங்கவிடாத, அவன் படத்தையும் படையல்ல வச்சிருன்னு. தையில மக கல்யாணம், அவன் ஆசீர்வாதம் வேணுமாம். எனக்கு மனசு வரலைங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்னு சொல்லியிருக்கேன்.”

அன்றே சிறைக்கு அவசரக் கடிதம் எழுதினேன். தேதி கொடுத்தார்கள், தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து. போனில் கெஞ்சினேன், நேரில் போய் நின்றேன். என் ஸ்பானியத்தைப் பாராட்டினார்கள். தேதியை மாற்றவில்லை.

கடைசியில் புவான் ஹலிமாவிடம் போனேன். கோப்பைக் கேட்டு வாங்கி அடிக்கோலை வைத்துப் படித்தார். “கலாவ் டியா காத்தா ஜாங்ஙான், ஜாங்ஙான்” என்றார். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம். எதிர்பார்த்ததுதான். பிறகு கோலை நிறுத்தி, படையல் விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தாயார் சொன்னதாகச் சொன்னேன். மலாயிலா என்றார். தமிழில் என்றேன்.

“நீ தமிழ்லயே பதில் சொல்றியா?”

“இல்ல, புவான். மலாயில.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்குத் தமிழ் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று தலையசைத்தேன்.

“அப்ப ஒன்றரை வருஷமா அந்தம்மா பேசறத நீ ஒட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. “தகவல் இல்லைங்கிறது விதி. அத நான் மாத்த முடியாது. ஆனா அவங்க பாஷையில சொல்லு. நான் தமிழன், நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன், ஆனா சொல்ல எனக்கு அனுமதி இல்லன்னு சொல்லு. அதுக்கு மேல அவங்க என்ன நெனைக்கணுமோ நெனைச்சுக்கட்டும்.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் செய்யத்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு மணி அடித்தது. எழுந்து நின்று எடுத்தேன். அன்றைக்கு அவர் மழை, முட்டிவலி எதுவும் பேசவில்லை. எடுத்த எடுப்பில் தமிழில் கேட்டார்.

“ஒங்களுக்குப் புரியாதுன்னு தெரியும். யாருகிட்டயாவது கேக்கணும் போல இருக்கு. படத்த வைக்கட்டுமா, வேணாமா?”

வாயைத் திறந்தேன். அம்மா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. “மாஆஃப், புவான்” என்றேன். “தியாடா மக்லுமாட்.”

“சரிங்க” என்றார். வைத்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் வைத்தது அதுதான் முதல் தடவை.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ காரணம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். விதி என்பது ஒன்று. தமிழில் ஒரு வார்த்தை பேசினால் தம்பி என்று கூப்பிட்டுவிடுவார், அப்புறம் நான் உடைந்துவிடுவேன் என்பது இன்னொன்று. எல்லாம் சப்பைக்கட்டு. உண்மை வேறு. அந்த ஊரில் என்னிடம் தமிழ் பேச ஒருவரும் இல்லை. கூடு மாதிரி ஒரு வாடகை வீடு, வாரம் முழுக்க ஸ்பானியம், மலாய், ஆங்கிலம். வெள்ளிக்கிழமை எட்டரைக்கு எங்கள் ஊர்ப் பேச்சு, எங்கள் ஊர் மழை காதில் விழும். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்த மறுநிமிடம் அவர் மழையைப் பற்றிப் பேசமாட்டார். மகனைப் பற்றி மட்டும்தான் கேட்பார், அழுவார், அல்லது ஏமாற்றிவிட்டான் என்று கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார். அந்த அரை மணி நேரத்தை இழக்க எனக்கு மனமில்லை. ஒரு தாயின் தவிப்பை நான் துணைக்கு வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

தீபாவளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். படத்தை வைத்துவிட்டேன் என்றார். என்னென்ன படைத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலில் அழுகை இல்லை. நான்தான் பதிவேட்டில் அன்று ஒரு வரி எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சொன்ன தேதியில் சிறைக்குப் போனேன். படிவத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. போனில் கேட்டதை எல்லாம் சரவணனிடம் சொன்னேன். படத்துக்கு மாலை போட்டதைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

“எனக்கு என்னண்ணே படைச்சாங்க?”

“கோழி வறுவல். நெத்திலி சம்பல். அவிச்ச முட்டை ரெண்டு. ஒரு பாக்கெட் சிகரெட்.”

“சிகரெட்டா?” என்றான். “நான் பிடிக்கிறது அம்மாவுக்குத் தெரியாதுன்னு இல்ல நெனச்சிட்டு இருந்தேன்.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தலையை மேசையில் வைத்துக்கொண்டு அழுதான். காவலர் வந்து தோளைத் தொட்டபோது நிமிர்ந்து, “படிவத்தக் குடுங்கண்ணே” என்றான்.

ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டான்.

மறுநாள் காலை, வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல், நின்றுகொண்டு பெக்கோக்குக்குப் போன் செய்தேன். புவான் ஹலிமா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, தூதரகத்துலேருந்து பேசறேன். சரவணன் உயிரோட இருக்கான். நல்லா இருக்கான். ஜெயில்ல இருக்கான்.”

மறுமுனையில் ஏதோ கீழே விழும் சத்தம். முருகா, முருகா என்று பல தடவை. சாப்பிடுகிறானா, அடிக்கிறார்களா, எத்தனை வருடம், எழுதலாமா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், எங்கள் ஊர்த் தமிழில்.

“இந்தக் கொரலு எனக்குத் தெரியுமே” என்றார். “வெள்ளிக்கிழமை எடுக்கிறது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“அப்ப அன்னிக்கு நான் கேட்டது ஒங்களுக்குப் புரிஞ்சிருக்கு.”

“புரிஞ்சுதும்மா.”

அவர் திட்டவில்லை. “படத்த எடுக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன் வைக்கப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை எட்டரைக்கு நான் மேசையில் இருந்தேன். ஒன்பது வரை இருந்தேன். மாற்றலாகி அந்த ஊரை விட்டுப் போகும் வரை எல்லா வெள்ளிக்கிழமையும் இருந்தேன். அந்த அழைப்பு பிறகு வரவே இல்லை.

அதற்குப் பிறகும் நாடுகள், பதவி உயர்வு, ஐ.நா. கூட்டங்களில் பின்வரிசை நாற்காலி எல்லாம் வந்தன. காவியாவின் மற்ற ஒன்பது கேள்விகளுக்கும் அவற்றைத்தான் எழுதினேன்.

சரவணன் தண்டனை முடிந்து ஊர் திரும்பி, இப்போது பக்கத்து டவுனான சிகாமட்டில் டயர்க்கடையில் வேலை செய்கிறான். எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டான். அண்ணே, ஒரு தடவை வீட்டுக்கு வாங்க, அம்மாவும் இருக்காங்க என்றான். போன மாதம் காரை எடுத்துக்கொண்டு பெக்கோக் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பார்வதி அம்மா வாசலுக்கு வந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லி. முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கைகூப்பினேன். “வணக்கம்மா” என்றேன்.

“மாசுக், துவான்” என்றார். உள்ளே வாருங்கள், ஐயா. மலாயில்.

கேலியாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். சரவணனிடம் தமிழில், “நாற்காலிய இழுத்துப் போடுடா” என்றார். தங்கை தேவிக்கு அந்தச் சம்பந்தம் முறிந்து, வேறு இடத்தில் அமைந்து, இப்போது இரண்டு பிள்ளைகள் என்று சரவணன் சொன்னான். சுவரில் பார்வதி அம்மாவின் மாமனார் மாமியார் படங்கள் மாலையோடு இருந்தன. பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் தனியாக இருந்தது. நான் உடம்பைப் பற்றித் தமிழில் விசாரித்தேன். “பாய்க், துவான்” என்றார், நன்றாக இருக்கிறேன் என்று. மழையைப் பற்றிக் கேட்டேன். “அடா ஹுஜான், துவான்.” மழை உண்டு, ஐயா. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சாப்பாடு போட்டார். கோழி வறுவலும் நெத்திலி சம்பலும் இருந்தன. இரண்டாம் தடவை அவரே கேட்டுப் பரிமாறினார், அதுவும் மலாயில்.

சரவணனுக்குச் சங்கடமாகிவிட்டது. “அம்மா, அண்ணனுக்குத் தமிழ் தெரியும்மா” என்றான்.

“தெரியும்டா” என்றார் அவனிடம்.

கிளம்பும்போது வெளிக்கதவு வரை வந்தார். “போயிட்டு வரேம்மா” என்றேன்.

“ஜாலான் பாய்க் பாய்க், துவான்” என்றார். பத்திரமாகப் போங்கள், ஐயா. காரைத் திருப்பிக்கொண்டு சாலைக்கு வந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்று சரவணனோடு பேசிக்கொண்டிருந்தார், கையை ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல்.